மறைந்தவர் எழுத்தும் தொகுத்தவர் கையும்

நூலின் முகப்பில் ஒருவர் பெயர் பொறிக்கப்பட்டிருந்தால், அந்நூலில் உள்ளவை யாவும் அவர் சொன்னவை என்று நம்புவது படிப்போர் இயல்பு. மாணவன் தேர்வில் 'பாரதியார் கூறுகிறார்' என்று எழுதுகிறான். ஆசிரியர் மதிப்பெண் இடுகிறார். அவர் வாழ்ந்தபோது அச்சான நூலில் கூறுகிறாரா, மறைந்தபின் பிறர் தொகுத்த நூலில் கூறுகிறாரா என்று மாணவனும் எண்ணுவதில்லை, ஆசிரியரும் கேட்பதில்லை. பெயர் ஒன்றே இருவர்க்கும் போதுமானதாக இருக்கிறது.

ஆனால், உலகம் போற்றும் நூல்களுள் பல, எழுதியவர் கண்மூடிய பின்னரே நூல் வடிவம் பெற்றவை. கையெழுத்துப் படிகளைத் தேடி எடுத்தவர் ஒருவர். அவற்றை வரிசைப்படுத்தியவர் ஒருவர். தலைப்பு இட்டவர் ஒருவர். படிக்க இயலாத சொல்லை ஊகித்து நிரப்பியவர் ஒருவர். இத்தனை கைகள் பட்டு வெளிவரும் நூலை மறைந்தவரின் மெய்யான படைப்பு என்று கொள்ளலாமா?

இஃது ஆராய்ச்சியாளர்க்கு மட்டும் உரிய வினாப் போலத் தோன்றும். உண்மையில் இஃது அறத்தைப் பற்றிய வினா. ஒருவர் சொல்லாததை அவர் சொன்னதாகக் கூறினால், உயிரோடு இருப்பவர் மறுப்பார். பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவார். மேடையில் விளக்கம் தருவார். மறைந்தவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே, அவர் பெயரால் வெளியிடப்படும் ஒவ்வொரு சொல்லுக்கும் வெளியிடுவோரே பொறுப்பாளர் ஆகின்றனர்.

பாரதியாரையே முதற்கண் எடுத்துக்கொள்ளலாம். அவர் 1921 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், 38 ஆம் வயதில் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டில் தம் எழுத்துகளை 40 நூல்களாக அச்சிடவும், நூலுக்கு 10,000 படி வீதம் தமிழ்நாடெங்கும் பரப்பவும் திட்டமிட்டு, அன்பர்களிடம் பொருளுதவி வேண்டினார். அத்திட்டம் நிறைவேறவில்லை. நிறைவேறியிருந்தால், எந்தப் பாடல் எந்த நூலில், எந்த வரிசையில், எந்தத் தலைப்பில் நிற்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்திருப்பார். அம்முடிவு பிறர் கைக்கு வந்து சேர்ந்தது.

'பாஞ்சாலி சபத'த்தின் முதற்பாகம் 1912 இல் அவர் கண்முன் அச்சேறியது. இரண்டாம் பாகம், அவர் மறைந்து மூன்று ஆண்டுகள் சென்ற பின், 1924 இல் வெளிவந்தது. ஒரே காப்பியத்தில் ஒரு பாகம் கவிஞர் கண்ட அச்சு. மற்றொரு பாகம் அவர் காணாத அச்சு. 'குயில் பாட்டு'ம் அவர் மறைந்த பின்னரே நூலாயிற்று. 'சந்திரிகையின் கதை' முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. மனைவியார் செல்லம்மாவும், பின்னர்த் தம்பி விசுவநாதன் முதலிய உறவினரும் அரும்பாடுபட்டு நூல்களை வெளியிட்டனர். 1949 இல் சென்னை மாகாண அரசு பதிப்புரிமையைப் பெற்றது. பின்னர் அவ்வுரிமை மக்கள் உடைமையாயிற்று. இதழ்களில் பெயரிட்டும், புனைபெயரிலும், பெயரே இல்லாமலும் அவர் எழுதியவற்றைப் பெரியசாமித் தூரன், ரா. அ. பத்மநாபன், சீனி. விசுவநாதன் முதலியோர் தேடித் தந்தனர். இவர்கள் உழைப்பு இல்லையேல் பாரதியாரின் பெரும்பகுதி பழைய தாள்களோடு மட்கிப் போயிருக்கும்.

ஆயினும் ஓர் உண்மையை மறக்கலாகாது. தேசியப் பாடல்கள், தெய்வப் பாடல்கள், பல்வகைப் பாடல்கள் என்று இன்று மாணவர் அறிந்துள்ள பகுப்பு, தொகுப்பாளர் அமைத்த பகுப்பு. அது வசதியானது, பாடம் நடத்தவும் எளிது. ஆனால், வேறு வேறு ஆண்டுகளில், வேறு வேறு மனநிலையில் பிறந்த பாடல்கள் பொருள் ஒற்றுமை கருதி ஒரே தலைப்பின்கீழ் நிற்கும்போது, கவிஞரின் உள்ளம் வளர்ந்த வழி மறைந்துவிடுகிறது. சக்தியை வேண்டும் பாடலைத் தெய்வப் பாடல் என்ற தலைப்பின்கீழ்ப் படிப்பவர் அதைப் பக்தியாகவே காண்பார். எழுதிய காலத்தோடு இணைத்துப் படிப்பவர் அதனுள் நாட்டின் ஏக்கத்தையும் காணக்கூடும். ஒரு சொல்லையும் மாற்றாமல், வைக்கும் இடத்தால் மட்டுமே பொருளை மாற்ற முடியும் என்பதற்கு இது சான்று. பகுத்தவர்களிடம் தீய எண்ணம் ஏதும் இல்லை. எனினும், பகுப்பு அவர்களுடையது என்பதைப் படிப்பவர் அறிந்திருத்தல் வேண்டும்.

இச்சிக்கலுக்கு இரண்டு எளிய விடைகள் கூறப்படுவதுண்டு. ஆசிரியர் தாமே வெளியிட்டவை மட்டுமே அவருடைய படைப்புகள் என்பது ஒரு விடை. அவர் கையால் எழுதியவை எல்லாம் அவருடைய படைப்புகளே என்பது மற்றொரு விடை. இரண்டையும் சற்று ஆராய்தல் வேண்டும்.

முதல் விடையில் ஒரு நேர்மை உண்டு. எழுதுவது ஒரு செயல். வெளியிடுவது வேறொரு செயல். எழுதியதை அடித்துத் திருத்தவும், கிழித்து எறியவும் எழுத்தாளனுக்கு உரிமை உண்டு. 'இது போகட்டும் உலகுக்கு' என்று அவன் இசைந்த பிறகே அது முழுமையாக அவன் சொல் ஆகிறது. இசைவு பெறாத எழுத்தை அவன் முடிவான கருத்து என்று கொள்வது, ஒருவர் தனக்குள் முணுமுணுத்ததை மேடைப் பேச்சாகக் கொள்வதற்கு ஒப்பாகும்.

ஆனால், இவ்விடையை முழுமையாக ஏற்றால் இழப்பு பெரிதாகும். உரோமப் பெருங்கவி வெர்ஜில் கி.மு. 19 ஆம் ஆண்டில் மறைந்தபோது, அவருடைய 'ஈனீட்' காப்பியம் இறுதித் திருத்தம் பெறாமல் இருந்தது. இன்னும் மூன்று ஆண்டுகள் திருத்த எண்ணியிருந்த அவர், அதனை எரித்துவிடுமாறு வேண்டினார் என்று பழைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. பேரரசர் அகஸ்டஸ் அதற்கு இசையவில்லை. வெர்ஜிலின் நண்பர்களான வேரியஸ், டுக்கா என்னும் இருவரிடம் வெளியிடும் பொறுப்பு வந்தது. அவர்கள் தாமாக எதையும் சேர்க்கவில்லை. காப்பியத்தில் 50-க்கு மேற்பட்ட அடிகள் பாதியிலே நின்றிருந்தன. இருவரும் புலவர் உலகில் பழகியவர்கள். அரையடிக்கு மற்றோர் அரையடி சேர்ப்பது அவர்களுக்கு இயலாத காரியம் அன்று. என்றாலும் அவற்றை நின்றவாறே விட்டனர். 2,000 ஆண்டுகளுக்குப் பிறகும் அவ்வரையடிகள் அப்படியே அச்சாகின்றன. 'இங்கே கவிஞரின் கை நின்றது' என்று அவை படிப்பவனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கவிஞர் தாமே வெளியிடாதது என்று ஈனீட்டை வெர்ஜிலின் படைப்புகளிலிருந்து நீக்குவார் எவரும் இலர். ஆகவே முதல் விடை போதாது.

இரண்டாம் விடையோ ஆபத்தானது. கையெழுத்து ஒருவருடையதாக இருந்தால், அதைக் கொண்டு செய்த நூலும் அவருடையதே ஆகிவிடுமா? ஜெர்மன் தத்துவ அறிஞர் நீட்சேயின் கதை இதற்கு விடை தரும்.

நீட்சே 1889 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மனநிலை பிறழ்ந்தார்; 1900 இல் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற குறிப்பேடுகள் அவர் தங்கை எலிசபெத்தின் பொறுப்பில் இருந்தன. அக்குறிப்புகளிலிருந்து 483 பகுதிகளைத் தெரிந்தெடுத்து, 'அதிகார விழைவு' என்ற பொருள்படும் தலைப்பில் 1901 இல் நீட்சேயின் பெயரால் ஒரு நூல் வெளியிடப்பட்டது. 1906 இல் அது 1,067 பகுதிகளாகப் பெருகியது. அத்தலைப்பில் நூல் எழுத நீட்சே ஒரு காலத்தில் எண்ணியது உண்மை. ஆனால், அறிவு தெளிவாக இருந்த கடைசி ஆண்டாகிய 1888 இல் அத்திட்டத்தை அவர் கைவிட்டார். திரட்டியவற்றுள் சிலவற்றை வேறு நூல்களில் பயன்படுத்திக்கொண்டார். எஞ்சியவை அவர் ஒதுக்கிய குறிப்புகள். ஒதுக்கியவற்றைக் கொண்டு அவருடைய தலைமை நூல் என்ற தோற்றத்தில் ஒன்று சமைக்கப்பட்டது.

எலிசபெத்தின் கணவர் யூத வெறுப்பை ஓர் இயக்கமாக நடத்தியவர். நீட்சேயோ அவ்வெறுப்பை இகழ்ந்தவர். எனினும், தங்கையின் பாதுகாப்பில் இருந்த நீட்சேயின் பெயரை நாசிகள் தம் கொடியில் எழுதிக்கொண்டனர். 1935 இல் எலிசபெத் மறைந்தபோது இறுதிச் சடங்கிற்கு ஹிட்லரே வந்தார். பின்னாளில் கொல்லி, மொன்தினாரி என்னும் இத்தாலிய அறிஞர் இருவர், 1967 முதல் வெளிவரத் தொடங்கிய பதிப்பில் அக்குறிப்புகளை எழுதப்பட்ட காலவரிசையில் வைத்தனர். அவ்வாறு வைத்தவுடன் 'அதிகார விழைவு' என்ற நூல் கலைந்து, குறிப்பேடுகள் குறிப்பேடுகளாகவே நின்றன. சொற்களை எழுதியவர் நீட்சே. நூலை ஆக்கியவர் அவரல்லர். சொல் மெய்யாக இருக்க, நூல் பொய்யாக முடியும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

எரிக்கச் சொன்னதை எரிக்காமல் காத்தவர் குற்றவாளியா என்ற வினா இடையே எழும். பிராக் நகரில் பிறந்து ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்கா 1924 இல் மறைந்தார். வெளியிடாத கையெழுத்துகளை எல்லாம் படிக்காமலே எரித்துவிடுமாறு நண்பர் மாக்ஸ் பிராடுக்கு அவர் எழுதி வைத்திருந்தார். பிராட் எரிக்கவில்லை. 'விசாரணை' 1925 இலும், 'கோட்டை' 1926 இலும், 'அமெரிக்கா' 1927 இலும் வெளிவந்தன. தாம் அவ்வேண்டுகோளை நிறைவேற்றப் போவதில்லை என்று காஃப்காவிடம் முன்னமே நேரில் சொல்லிவிட்டதாகப் பிராட் எழுதினார். அங்ஙனமாயின் அவர் கொடுத்த வாக்கை மீறியவர் ஆகார். எரிக்க மாட்டேன் என்றவரிடமே தாள்களை விட்டுச் சென்றதில், காஃப்காவின் உள்ளமும் இரண்டுபட்டிருந்தது என்று எண்ண இடமுண்டு.

ஆனால், பிராட் காத்ததோடு நிற்கவில்லை. 'கோட்டை' முடிவுறாத கதை. ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுவிட்ட கதை. முதற்பதிப்பில் பிராட் அதன் பின்பகுதியை விலக்கி, கதை ஒருவாறு முடிவதுபோல் தோன்றச் செய்தார். 'அமெரிக்கா' என்பது பிராட் இட்ட தலைப்பு. காஃப்கா 'காணாமற்போனவன்' என்ற பொருள்படும் பெயரையே குறித்திருந்தார். அத்தியாயங்களின் வரிசையிலும் பிராடின் கை இருந்தது. புதிய எழுத்தாளர் ஒருவரை உலகம் ஏற்க வேண்டுமே என்ற அன்பினால் அவர் இவற்றைச் செய்தார். விலக்கிய பகுதியைப் பின்வந்த பதிப்பில் அவரே சேர்த்ததும் அவர் நேர்மைக்குச் சான்று. எனினும் முதற்பதிப்பைப் படித்தவர், முடிவில்லாத ஒரு கதையை முடிந்த கதை என்று நம்பினர். அந்நம்பிக்கையை உண்டாக்கியவர் காஃப்கா அல்லர்.

இதிலிருந்து ஒரு வேறுபாடு தெளிவாகிறது. காக்கும் உரிமை வேறு. திருத்தும் உரிமை வேறு. கையெழுத்தைக் காத்தவர்க்கு உலகம் நன்றி சொல்லும். காத்த காரணத்தாலேயே அவர் அதற்கு உடைமையாளர் ஆகிவிடுவதில்லை. கோயில் நகையைத் திருடரிடமிருந்து காத்த அறங்காவலர், 'காத்தவன் நானே, ஆகையால் உருக்கி வேறு வடிவம் செய்வேன்' என்று சொல்ல முடியுமா?

உயிரோடு இருக்கும் எழுத்தாளர்களின் நூல்களையும் பிறர் திருத்துகின்றனரே, அவை மட்டும் எவ்வாறு மெய்யான படைப்புகள் ஆகும் என்று கேட்கலாம். பாரதியார் புதுவையில் இருந்தபோது, 1917 இல் பரலி சு. நெல்லையப்பர் சென்னையில் 'கண்ணன் பாட்'டை வெளியிட்டார். அவ்வெளியீட்டில் பிழை இருந்தால் பாரதியார் சுட்டிக்காட்டியிருக்கலாம். பிடிக்காததை மாற்றச் சொல்லியிருக்கலாம். அவ்வாய்ப்பு இருந்தமையால், அவர் மறுக்காதது இசைவாயிற்று. மறைந்தவரின் மௌனத்தை அவ்வாறு இசைவு என்று கொள்ளுதல் கூடாது. 'அவரோடு பழகியவன் நான். இருந்திருந்தால் இப்படித்தான் திருத்தியிருப்பார்' என்று நெருங்கிய நண்பரும் பிள்ளைகளும் சொல்லலாம். அஃது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் ஊகம் எவ்வளவு சிறந்ததாயினும் இசைவு ஆகாது. ஊகத்தை ஊகம் என்று சொல்லி அடிக்குறிப்பில் வைத்தால் அது தொண்டு. மூலத்தில் கலந்துவிட்டால் அது களவு.

இவ்வறத்தைத் தமிழர் மேனாட்டாரிடம் சென்று கற்க வேண்டியதில்லை. உ.வே. சாமிநாதையர் 1894 இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். ஏடுகளில் 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகளும் சொற்களும் சிதைந்திருந்தன. சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டினார்; பாடபேதங்களைத் தனியே குறித்தார். செய்யுள் இயற்ற வல்ல அப்பெரும்புலவர்க்கு ஒரு சீரோ ஓர் அடியோ இட்டு நிரப்புதல் எளிது. நிரப்பியிருந்தால் எவரும் கண்டுபிடித்திருக்கவும் இயலாது. கண்டுபிடிக்க இயலாத இடத்திலும் கைவைக்காமல் நின்றதே அவர் பதிப்பின் பெருமை. அப்புள்ளிகளைத் தாளில் உள்ள வெற்றிடம் என்று கடந்து போகும் மாணவர்க்கு, அவை பதிப்பாசிரியரின் வாய்மை என்று எடுத்துக் காட்ட வேண்டும்.

பிறர் நூலுக்கு அவர் செய்த நீதி, அவர் நூலுக்கும் கிடைத்தது. 'என் சரித்திரம்' என்ற தம் வரலாற்றை அவர் 1940 முதல் ஆனந்த விகடனில் தொடர்ந்து எழுதி வந்தார். 1942 இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறவில்லை. அவர் வாழ்வின் பிற்பகுதி அதில் இடம்பெறவில்லை. 1950 இல் நூலாக வந்தபோதும் நின்ற இடத்திலேயே நின்றது. அவரிடம் பல ஆண்டுகள் உடனிருந்து கற்ற மாணவர் கி.வா. ஜகந்நாதன், ஆசிரியரின் நடையை நன்கு அறிந்தவர். எஞ்சிய வரலாற்றையும் அறிந்தவர். அவர் நினைத்திருந்தால் ஆசிரியரின் குரலிலேயே அதை எழுதி முடித்திருக்கலாம். அவரோ ஆசிரியரைப் பற்றித் தாம் சொல்ல வேண்டியதைத் தம் பெயரில் தனி நூலாகவே எழுதினார். குருவின் நூல் குருவின் பெயரிலும், மாணவர் நூல் மாணவர் பெயரிலும் நிற்கின்றன. படிப்பவனுக்கு இரண்டும் பயன்படுகின்றன; இரண்டில் எதைக் குறித்தும் அவன் மயங்குவதில்லை.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். ஆசிரியர் மறைந்தபின் தொகுக்கப்பட்ட நூல் அவருடைய மெய்யான படைப்பா? 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. அவர் இசைந்து வெளியிட்டது முதல் நிலை. அவர் எழுதி முடித்து, வெளியிடாமல் விட்டது இரண்டாம் நிலை. முடிக்காமல் விட்ட துண்டுகளைக் கொண்டு பிறர் கோத்தது மூன்றாம் நிலை. மூன்று நிலைகளையும் ஒரே சரத்தில் கட்டித் தொங்கவிடுவதே பிழை. ஆனால், நிலையைக் காட்டிலும் இன்றியமையாதது ஒன்று உண்டு. அது தையல் தெரிவது. எங்கே ஆசிரியர் கை நின்றது, எங்கே தொகுத்தவர் கை தொடங்கியது என்பது வெளிப்படையாகத் தெரியுமானால், மூன்றாம் நிலை நூலிலும் ஆசிரியரை நாம் சந்திக்கலாம். அது மறைக்கப்பட்டால், அவர் கையெழுத்தாலே நிறைந்த நூலிலும் அவரைச் சந்திக்க இயலாது. தொகுத்தவர் தம்மை வெளிப்படுத்திக்கொள்ளும் அளவுக்கே நூல் மறைந்தவருடையதாகிறது.

இவ்வறம் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்க்கும் நேரே தொடர்புடையது. இங்குள்ள எழுத்தாளர்களின் கதைகளும் கவிதைகளும் கட்டுரைகளும் பெரும்பாலும் நாளிதழ்களின் ஞாயிறு மலர்களிலேயே பிறந்தன. 1924 இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019 இல் நின்றுவிட்டது. 1935 இல் தோன்றிய 'தமிழ் முரசு' சிங்கப்பூரில் தொடர்கிறது. பழைய இதழ்களில் புதைந்துள்ளவற்றைப் பிள்ளைகளும் நண்பர்களும் சங்கங்களும் தேடித் தொகுத்து, மறைந்தவரின் நினைவு நாளில் நூலாக வெளியிடுவது நல்ல வழக்கம். அவ்வேளையில், பழைய எழுத்துமுறை மாணவர்க்குப் புரியாது என்று ஒரு சொல்லையும், இன்றைக்குப் பொருந்தாது என்று ஒரு பத்தியையும், குடும்பத்துக்கு வருத்தம் தரும் என்று ஒரு பாத்திரத்தையும் மாற்றும் ஆசை எழும். மாற்றியே ஆக வேண்டுமானால், மாற்றியதை முன்னுரையில் சொல்லிவிட வேண்டும். எந்த இதழில், எந்த நாளில் வந்தது என்ற ஒரு வரிக் குறிப்பும் ஒவ்வொரு படைப்பின் அடியிலும் இருத்தல் வேண்டும். இதற்குப் பெரும்புலமை வேண்டுவதில்லை; கவனம் போதும்.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 'பாரதியார் கூறுகிறார்' என்று எழுதும் மாணவனை, 'எப்போது கூறினார்? எங்கே அச்சாயிற்று? அத்தலைப்பு அவர் இட்டதா?' என்று ஒருமுறையேனும் கேட்க வேண்டும். விடை தெரியாமல் அவன் விழிக்கலாம். பிறகு நூலகத்தில் பதிப்புரையைப் புரட்டுவான். முன்னுரையையும் பதிப்புரையையும் தள்ளிவிட்டு நேரே பாடத்துக்குப் போகும் பழக்கம் அன்று அவனை விட்டு நீங்கும். மறைந்த ஒருவரின் சொல்லை அவர் சொன்னவாறே கேட்க வேண்டும் என்ற கவலை அவனிடம் பிறந்தால், அருகில் இருப்பவர் சொல்லையும் அவன் திரித்துக் கூற மாட்டான்.